ஞானதாஸ் செருப்பைக் கழட்டின வெள்ளிக்கிழமை

சர்ச்சுல எங்க வூட்டுக்காரரப் பத்தி ஒரு கத சொல்லுவாங்க. பெரிய வெள்ளிக்கெழம அன்னிக்கு கொதிக்கிற ஏரிக்கரைமேல செருப்பு இல்லாம நடந்தாரு, மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல, அப்பேர்ப்பட்ட விசுவாசம்னு. சாலவாக்கத்துலேர்ந்து மானாம்பதி வரிக்கும் இந்தக் கத ஓடிக்கினு கீது. நான் அவுரு பொண்டாட்டி, அன்னிக்குப் பின்னாடியே போனவ. அது விசுவாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நடந்தது வேற, நான் சொல்றன்.

அவுரு பேரு இப்போ ஞானதாஸு. நான் கட்டிக்கினப்போ கன்னியப்பன். புருசன் பேர சொல்லக்கூடாதும்பாங்க, ரெண்டு பேரு வச்சிக்கினு கீற ஆள எவ்ளோ நாளைக்குச் சொல்லாம இருக்கறது. எனக்கு மாமன் மவன், அதனால நான் மாமான்னு கூப்புடுவன். என் பேரு சொக்கம்மாள், அவுருக்கு மட்டும் சொக்கு. எங்க காலனில பாதி வூடு மாரியம்மாளுக்குக் கூழு ஊத்தும், பாதி வூடு சர்ச்சுக்குப் போவும். அதுக்கோசரம் ஒரு சண்டையும் கெடையாது, ஒரே கொழாயாண்ட தான் தண்ணி புடிப்போம். நாங்க கூழு ஊத்தற வூடு.

மாட்டு வண்டி ஓட்டுவாரு அப்போ. நெல்லு மூட்டய உத்திரமேரூர்ல எறக்கிட்டுத் திரும்பும்போது வண்டியிலயே தூங்கிடுவாரு. மாடு தானா வந்து வூட்டு எதுர்ல நிக்கும். நான் போயி எழுப்புனா, "வந்துட்டனா சொக்கு?"ன்னு கேப்பாரு. பாதித் தூக்கத்துலயே சாப்புடுவாரு, பாதித் தூக்கத்துலயே சிரிப்பாரு. அவுரோட இருந்த அந்த அஞ்சாறு வருசத்த இப்போ நெனச்சா எனக்கே தூக்கக் கலக்கத்துல பாத்த மாதிரிதான் கீது.

எங்க பொண்ணு பார்வதிக்கு மூணு வயசு. எழுவத்தி ரெண்டுல ஒரு சாயங்காலம் வாசல்ல ஒக்காந்து பீடி புடிச்சிக்கினு பேசிக்கினு இருந்தாரு. தோலு கருவற நாத்தம் வந்துச்சி. பாத்தா, பீடி நெருப்பு விரல்ல ஒட்டிக்கினு கீது, அவுரு பாட்டுக்குப் பேசிக்கினு கீறாரு. "மாமா, கை வேவுதே"ன்னன். குனிஞ்சி பாத்தாரு. வேற யாரோ ஒருத்தரு கையப் பாக்கற மாதிரி பாத்தாரு. அப்புறம் தான் முதுகுல இருந்த வெளிர் தேமலு, உதுந்துபோன புருவம் எல்லாம் எனக்குப் புரிஞ்சிது.

பெருவியாதின்னு வாயால சொல்லவே எங்க ஊர்ல பயப்படுவாங்க. செங்கல்பட்டு தாண்டி ஒரு ஆஸ்பத்திரி கீது, அங்க கொண்டும்போயி வுட்டுடுன்னு சொன்னாங்க. ரெண்டு பஸ்சு மாறிப் போனோம். பெரிய இரும்பு கேட்டு. உள்ள எங்க பாத்தாலும் வேப்பமரம், மரத்தடி நெழல்ல வெள்ளத் துணி கட்டின ஆளுங்க அசையாம ஒக்காந்துகினு இருந்தாங்க. சத்தமே இல்ல. நான் நின்ன எடம் நெசந்தானான்னு எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. "ஞாயித்துக்கெழம பாக்க வுடுவாங்களாம். வரியா சொக்கு?"ன்னாரு. "வரன் மாமா"ன்னன்.

போவல. அந்த ஞாயிறு போவல, அடுத்த ஞாயிறு போவல. ஏழு வருசம் போவல. மொத ரெண்டு வருசத்துல மூணு கார்டு வந்துச்சி. எனக்குப் படிக்கத் தெரியாது, யாராண்டயும் குடுத்துப் படிக்கவும் இல்ல. அடுப்புல போட்டன். இத நானே என் வாயால சொல்லிக்கறன், யாரும் வந்து சொல்ல வேணாம்.

அந்த ஏழு வருசமும் கனவுல மட்டும் வருவாரு. ஏரில தண்ணி ரொம்பி நிக்கும், அது மேல நடந்துக்கினே போவாரு, முதுகு தான் தெரியும். கூப்புட வாயத் தொறப்பன், கொரலு வராது. காலைல எழுந்து நாத்து நடப் போயிடுவன். நடும்போது எனக்கு ஒன்னும் தோணாது, அழுகையும் வராது. நல்லதுதான்னு இருந்துட்டன்.

எழுவத்தொம்போதுல ஒரு மத்தியானம், சித்திர வெயிலு. வாசல்ல ஒரு ஆளு நிக்குது. கால்ல கருப்பு ரப்பர் செருப்பு, கைல ஒரு மூட்ட, ரெண்டு விரலு உள்ள மடங்கி கீது. கனவுல வர்ற ஆளு தான், ஆனா இந்த வாட்டி மூஞ்சியும் தெரியுதேன்னு பாத்துக்கினே நின்னன். "சொக்கு, கொஞ்சம் தண்ணி"ன்னுச்சி. கனவுல தண்ணி கேக்க மாட்டாரே. அப்பதான் சொம்பு எடுக்க ஓடுனன்.

வியாதி தீந்து வந்துட்டாரு, இனிமே யாருக்கும் தொத்தாதுன்னு டாக்டரு சீட்டும் குடுத்து அனுப்பிச்சிகீறாரு. அங்கயே ஞானஸ்நானம் வாங்கி ஞானதாஸு ஆயிட்டாரு. கால் மரத்துப்போன ஆளுங்களுக்கு மெத்துன்னு ரப்பர் செருப்பு தைக்கவும் கத்துக்கினு வந்தாரு, சுத்துப்பட்டுலேர்ந்து தேடி வருவாங்க. வியாதி போச்சே தவிர, மரத்துப்போன கையும் காலும் மரத்துப்போனது தான். அதனால தெனம் பொழுது சாயறதுக்கு முன்னாடி ஒக்காந்து, கைய திருப்பித் திருப்பிப் பாப்பாரு, எங்கனா வெட்டு கீதா, கொப்புளம் கீதான்னு. அடிப்பாதத்துக்கு ஒரு ஒடஞ்ச கண்ணாடித் துண்டு வச்சிக்கினு பாப்பாரு. "மத்தவங்களுக்கு நோவு வந்து சொல்லும் சொக்கு, எனக்கு என் கண்ணு தான் சொல்லணும்"பாரு. ஆஸ்பத்திரில அப்டி பழக்கி வுட்டாங்க.

அந்தக் கண்ணாடிய நான் புடிச்சிருக்கலாம். நாலு வருசம் ஒரே வூட்ல இருந்துங்கூட நான் அவுரத் தொடல. தனித் தட்டு, தனிப் பாயி. சோறு வச்சிட்டு எட்டிப் போயி ஒக்காந்துக்குவன்.

அத விட என்ன அரிச்சது வேற ஒன்னு. ஏன் வரலன்னு அவுரு ஒரு நாளும் கேக்கல. கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி வந்தாரு, நடுவுல ஒன்னுமே நடக்காத மாதிரி இருந்தாரு. கேட்டாருன்னா சொல்றதுக்கு நான் பதிலு வச்சிருந்தன். புள்ளைக்கோசரம், பஸ்சுக்கு வழியில்ல, ஊரு பேசும்னு நாலஞ்சி. கேக்கவே இல்லயே. வேணும்னே வம்புக்கு இழுப்பன். ஒரு நா கொழம்புல ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டன். எழுந்து போயி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு, வந்து மீதி சோத்தயும் சாப்புட்டாரு. அந்த மனுசன வச்சிக்கினு இன்னா பண்றது. அவுரு கேட்டா செத்துடுவன்னு ஒரு பக்கம் பயம், கேக்காமலே போயிடுவாரோன்னு இன்னொரு பக்கம்.

எண்பத்தி மூணுல மழையே இல்ல. ஏரி காஞ்சி பாளம் பாளமா வெடிச்சிக் கெடந்துச்சி. எங்க ஊரு சர்ச்சுல ஒரு பழக்கம் கீது. பெரிய வெள்ளிக்கெழம, ஏசு சிலுவைல தொங்கும்போது பேசுன ஏழு வார்த்தைய வச்சி, மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஏரிக்கரைமேல நடப்பாங்க. எல்லாரும் வெள்ளத் துணி, சர்ச்சு வாசல்லயே செருப்பக் கழட்டிடணும். ஏழு எடத்துல நிப்பாங்க, எடத்துக்கு ஒருத்தரு ஒரு வார்த்தய சொல்லி அதப் பத்திப் பேசணும். யாருக்கு எந்த வார்த்தன்னு ஒரு சொம்புல சீட்டுப் போட்டு எடுப்பாங்க.

நாலாவது வார்த்தய மட்டும் எவனும் தொட மாட்டான். சாமி தன் அப்பனையே பாத்து, ஏன் என்ன வுட்டுட்டன்னு கத்தறாரே, அந்த வார்த்த. ஒரு வருசம் அது எங்க காலனி ஐசக்குக்கு வந்துச்சி, ஆடிக்குள்ள அவுரு மாடு செத்துப்போச்சி. அதுலேர்ந்து நாலாஞ் சீட்டு எவன் கைக்கு வந்தாலும் அவனுக்கு ஒடனே வவுத்து வலி. கடசில உபதேசியாரே அதயும் சொல்லி முடிப்பாரு. ஏசுதாஸுன்னு பேரு, வேலூரு பக்கத்து ஆளு, சர்ச்சுக்குப் பிரசங்கம் பண்றவரு. நல்ல மனுசன், ஆனா நாலாவது எடம் வந்தா அவசர அவசரமா முடிச்சிட்டு அஞ்சாவது எடத்துக்கு ஓடிடுவாரு.

ஐசக்கு பொண்டாட்டி பாஞ்சாலி தான் கொழாயாண்ட சொன்னா. "ஏண்டி சொக்கம்மா, இந்த வருசம் உன் வூட்டுக்காரரு தானா எழுந்து நாலாவது வார்த்த எனக்குக் குடுங்கன்னு கேட்டாராமே."

கொடம் ரொம்பி வழிஞ்சி கால் மேல கொட்டுச்சி, எனக்குத் தெரியல. வுட்டுட்டுப் போனதப் பத்திப் பேசப்போறாரு. ஏரிக்கரைல, ஊரு ஜனம் எதுர்ல. அவுர வுட்டுட்டுப் போனவ நான் தானே. என்னாண்ட கேக்காத கேள்விய ஊரக் கூட்டி வச்சிக் கேக்கப் போறாருன்னு நெனச்சன்.

அன்னிக்கு நானும் போனன். சர்ச்சு ஆளு இல்லன்னாலும் யாரு தடுக்கப் போறாங்க. முக்காட்டப் போட்டுக்கினு கடசில நின்னன். வாசல்ல செருப்புங்க குவிஞ்சி கெடந்துச்சி, அதுல கருப்பு ரப்பர் செருப்பும் ஒரு ஜோடி. செருப்பு இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்ன ஆளு. கூப்புட்டு சொல்லலாம்னா, நாலு பேரு திரும்பிப் பாப்பாங்களேன்னு வாய மூடிக்கினன்.

கரைமேல ஏறுனோம். அந்த வெயில நான் இன்னான்னு சொல்றது. ஏரி முழுக்கக் கானலு. இல்லாத தண்ணி அல அடிச்சிக்கினு கீது, அது மேல வெள்ள வெள்ளயா ஜனங்க மெதந்துக்கினு போறாங்க. முன்னாடி பாடறாங்க, பாட்டு நடுவுல எங்கயோ நின்னு நின்னு எங்கிட்ட வருது. என் காலு வேவுது, புல்லு கீற எடமாப் பாத்துக் குதிச்சிக் குதிச்சிப் போறன். எல்லாரும் அப்டிதான் போறாங்க. அவுரு மட்டும் நடுப்பாதைல, கப்பிக் கல்லு மேல, நேரா நடக்கறாரு. முதுகு தான் தெரியுது. தூங்கிக்கினு நடக்கறனா, முழிச்சிக்கினு நடக்கறனான்னு எனக்கே புரியல. ஏழு வருசமாப் பாத்த கனவுக்குள்ள பட்டப்பகல்ல எறங்கிப் போற மாதிரி இருந்துச்சி.

மூணாவது எடத்துல உபதேசியாரு எல்லாரையும் நிறுத்துனாரு. "நம்ம ஞானதாஸப் பாருங்க. நீங்கல்லாம் துள்றீங்க, அவுருக்கு நோவே தெரியல. விசுவாசம்னா இதுதான். ஆண்டவரும் இப்டித்தான், தெய்வமாச்சே, ஒடம்புல ஆணி எறங்குனாலும் உள்ள அவர நோவு தொடல"ன்னாரு. ஜனங்க ஆமா ஆமான்னு தலய ஆட்டுனாங்க. பாஞ்சாலி கைய எடுத்து அவுரக் கும்புட்டா. எங்க வூட்டுக்காரரு முன்னாடி நடந்தாரு. பனமரத்தாண்ட நாலாவது எடம், அங்க போயி நின்னாரு. பொறுமையா அந்த வார்த்தய சொன்னாரு.

அப்புறம் பேசுனாரு. "உபதேசியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நோவு தெரியாதது விசுவாசம் இல்லீங்க, வியாதி. அடுப்புல என் கை வெந்தா, நாத்தம் வந்த பொறவு தான் எனக்குத் தெரியும். நோவாத கைய நான் பத்து வருசமா சொமந்துக்கினு கீறன், அது எதுக்கும் ஆவல. சாமியும் அதே மாதிரி மரத்துப்போன சாமின்னா, அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? இவுருக்கு நொந்துச்சிங்க. ஆணி அடிச்சது நொந்துச்சி. தன் ஆளு தன்ன வுட்டுட்டுப் போனது அத விட நொந்துச்சி. அதான் கத்துனாரு. ஆஸ்பத்திரில அத மொத மொதல்ல படிச்சிக் காட்டுனப்போ, இவுரு நம்ம ஆளுன்னு நெனச்சன். ஞாயித்துக்கெழம ஆனா நான் கேட்டாண்ட போயி நிப்பன்."

இதோ வருது, என் பேரு வருதுன்னு கண்ண மூடிக்கினன். கானல்ல அந்த இரும்பு கேட்டு வந்து நின்னுச்சி, உள்ள வேப்ப மரம், நெழல்ல ஒரு ஆளு. இந்தப் பக்கம் யாரும் இல்ல. எவ்ளோ நேரம் அப்டி இருந்தன்னு தெரியல.

கண்ணத் தொறந்தா அவுரு என்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு. அத்தன தலைக்கு நடுவுல முக்காட்டுக்குள்ள என்னக் கண்டுபுடிச்சிட்டாரு. "அவ்ளோதாங்க"ன்னு சொல்லிட்டு ஓரமா ஒதுங்கிட்டாரு. உபதேசியாரு பாட்டு எடுத்தாரு. அஞ்சாவது எடத்துக்கு நடக்கும்போது பாஞ்சாலி என் காதாண்ட வந்து, "இன்னா பணிவு பாத்தியாடி உன் வூட்டுக்காரருக்கு"ன்னா. இத்தினி சொல்லியும் அவங்களுக்கு அதுதான் ஏறுச்சி. எனக்கு நிம்மதி வரணும் இல்ல? வரல, கோவம் தான் வந்துச்சி. சொல்லித் தொலச்சிருக்கலாம். மிச்சத்த முழுங்கிட்டாரே, எனக்கோசரம் முழுங்கிட்டாரேன்னு பொருமிக்கினே நடந்தன்.

ஏழும் முடிஞ்சி, சர்ச்சுக்குத் திரும்பாம கரைலேர்ந்தே வூட்டுக்கு வந்தோம். வழக்கம்போல வேப்ப மரத்தடியில ஒக்காந்து கண்ணாடித் துண்ட எடுத்தாரு. வெயிலு சாஞ்சி மஞ்சளா அடிச்சிக்கினு இருந்துச்சி. நான் வாசலப் பாத்தன். மரம் வரிக்கும் வந்த அவுரு காலடி ஒன்னு வுட்டு ஒன்னு செவப்பா கீது. அவுரு ஒரு காலத் தூக்கி முட்டி மேல வச்சிக்கினு, மடங்கின விரல்ல கண்ணாடியப் புடிக்கப் பாக்கறாரு, நழுவுது. திரும்பப் புடிக்கிறாரு, நழுவுது.

எப்டிப் போனன்னு தெரியல. எதுர்ல ஒக்காந்து அந்தக் கால இழுத்து என் மடியில வச்சிக்கினன். அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம், ரெண்டு ஒடஞ்சி தோலு சுருண்டு கீது, நடுவுல ஒரு கல்லு பொதஞ்சி கீது. வாய்க்கு வந்தபடி திட்டுனன். "அறிவு கீதா மாமா உனக்கு? டாக்டரு இன்னா சொன்னாரு? எதுக்குக் கழட்டுன?"

"எல்லாரும் கழட்டுனாங்க சொக்கு. நான் மட்டும் தனியா தெரிய வேணாம்னு பாத்தன்."

தண்ணி கொண்டாந்து கழுவுனன். கல்ல நகத்தால நெம்பி எடுத்தன். அவுரு அசையல, வேடிக்க பாத்துக்கினு இருந்தாரு. எனக்குத்தான் அங்கலாம் நொந்துச்சி. என் உள்ளங்கால்லேர்ந்து தொடை வரிக்கும் சுரீர்னு ஏறுச்சி. அழுதன். நாத்து நடும்போது வராத அழுகைலாம் சேந்து வந்துச்சி.

அப்பதான் கேட்டாரு. கோவமே இல்ல. தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்துட்டனான்னு கேப்பாரே, அந்தக் கொரலு.

"ஏன் சொக்கு வரல?"

நாலு வருசமா வச்சிருந்த பதிலுல ஒன்னும் வாய்க்கு வரல. "பயம் மாமா. மொத ஞாயித்துக்கெழம பயம். அப்புறம் நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினா சுலுவா இருந்துச்சி. அப்டியே நெனச்சிக்கினன்."

தலய ஆட்டுனாரு. "நொந்துச்சி சொக்கு. அங்க ஊசி குத்துவாங்க, தெரியாது. நெருப்பு பட்டா தெரியாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் கேட்ட மூடுவாங்க பாரு, அது மட்டும் தெரியும். இன்னும் முழுசா மரத்துப்போவல போல கீதுன்னு நெனச்சிக்குவன்."

"வந்து நாலு வருசமாச்சே. அப்பவே கேட்டிருந்தா இன்னா?"

"கேட்டா திரும்பவும் போயிடுவியோன்னு பயம். சாமியே அவுரு அப்பனக் கேட்டுட்டாரு, எனக்கு இன்னான்னு இன்னிக்குக் கேட்டுட்டன்."

என் முந்தானயக் கிழிச்சி அந்தப் பாதத்த சுத்திக் கட்டுனன். கட்டி முடிச்சி எறக்கி வச்சிட்டு, "அந்த இன்னொரு கால நீட்டு"ன்னன்.